தள்ளுபடி ரவுட்டர்... பெட்டியைப் பார்க்கும் முன் லைனைப் பாருங்கள்!

‘ஆன்லைனில் தள்ளுபடி விலையில் 899 ரூபாய்க்கு வைஃபை ரவுட்டர் வாங்கினோம். அட்டைப் பெட்டியில் 2,999 ரூபாய் என்று போட்டிருந்தது. ஆனால், வீட்டுக்கு வந்த இன்டர்நெட் லைனை அதில் செருகவே இடமில்லை. திருப்பி அனுப்பும் நாளும் முடிந்துவிட்டது. இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?’

ஆலங்காயம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி அனுப்பிய கேள்வி இது. விதை, உரம், மாட்டு வைத்தியம் பற்றிய கடிதங்களுக்கு நடுவே இப்போது இந்த மாதிரிக் கேள்விகளும் வருகின்றன. இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டால் அடுத்தவர் அதே தவற்றைச் செய்வார் என்பதால், நேரிலேயே போய்ப் பார்த்தோம்.

வேலூரிலிருந்து பிரிந்து 2019-ல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது ஆலங்காயம். காலையில் வாணியம்பாடி, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வண்டிகள் போன பிறகு, ஊரில் மாடும் நிலமும் பார்ப்பவர்கள்தான் மிச்சம். நமக்குக் கடிதம் எழுதிய அம்மாவும் அப்படித்தான் பால் கறந்து ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு ஏக்கர் நிலம் சார். நிலக்கடலை, கேழ்வரகு போடுவோம். நாலு மாடு இருக்கு. வீட்டுக்காரர் ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போறாரு. பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சுட்டு அக்ரி காலேஜுக்கு அப்ளிகேஷன் போடணும்னு சொன்னா. போன்ல இருக்கிற நெட் மத்தியானத்துக்குள்ள தீர்ந்துடும். வீட்டுக்குள்ள சிக்னலும் சரியா இல்ல, கிணத்து மேட்டுக்குத்தான் போகணும். அதனால கேபிள்காரர்கிட்ட லைன் கேட்டிருந்தோம். ‘பத்து நாள்ல இழுத்துடறேன், ரவுட்டர் மட்டும் நீங்க வாங்கிக்குங்க’ன்னாரு. அந்த நேரம் பார்த்து போன்ல தள்ளுபடி விளம்பரம் வந்துச்சு. பால் காசு இருந்தது, வாங்கிட்டோம்” என்றார்.

ரவுட்டர் மூன்றாவது நாளே வந்துவிட்டது. லைன் வந்தது பன்னிரண்டாவது நாள். அதுவரை அட்டைப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. பிரித்துப் பார்த்தபோது, பின்னால் பழைய டெலிபோன் ஒயர் செருகும் சின்னத் துளை இருந்தது. கண்ணாடி இழை லைனுக்கு அது ஆகாது. திருப்பி அனுப்ப 7 நாள்தான் அவகாசம். அதுவும் போய்விட்டது.

“கடைசி நாள் அன்னைக்கு பஸ் பிடிச்சு ஆலங்காயம் பிரவுசிங் சென்டருக்குப் போய், சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து அப்ளிகேஷன் போட்டா. ஒரு சர்டிபிகேட் சரியா ஏறலன்னு மறுபடியும் வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போனா. அன்னைக்கு அது போகலன்னா ஒரு வருஷம் போயிருக்கும் சார்” என்றபோது அந்த அம்மாவின் குரல் தழுதழுத்தது.

இவர்கள் ஏமாளிகள் அல்ல. விற்றவர் கெட்டுப்போன சரக்கையும் கொடுக்கவில்லை. போரின் ஆழம் தெரியாமல், சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்று பார்க்காமல், விலை குறைவு என்பதற்காக மட்டும் யாராவது மோட்டார் வாங்குவோமா? ரவுட்டரும் அதே கதைதான். முதலில் லைன், பிறகு பெட்டி, தள்ளுபடி கடைசி.

உங்கள் வீட்டுக்கு வருவது எந்த லைன்?

கிராமங்களுக்கு இன்டர்நெட் இப்போது நான்கு வழிகளில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் பெட்டி வேறு.

முதலாவது, பழைய டெலிபோன் செம்பு ஒயர். இதற்கு ‘ஏடிஎஸ்எல்’ என்று எழுதியிருக்கும் மோடம் ரவுட்டர் வேண்டும். இந்த லைன்கள் குறைந்துகொண்டே வருவதால், தேங்கிப்போன ஏடிஎஸ்எல் பெட்டிகள் அடிமாட்டு விலைக்கு வருகின்றன. நம் வாசகி வாங்கியது இதைத்தான்.

இரண்டாவது, கண்ணாடி இழை. ஃபைபர் என்று சொல்வது இதைத்தான். பிஎஸ்என்எல் உள்ளிட்ட நிறுவனங்களும் உள்ளூர் கேபிள்காரர்களும் இப்போது கொடுப்பது பெரும்பாலும் இதுதான். பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்க, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் இழுப்பதும் இதே இழைதான். இழையை நேராக ரவுட்டரில் செருக முடியாது. அதில் வரும் ஒளியை மாற்றித்தர ‘ஓஎன்யு’ அல்லது ‘ஓஎன்டி’ என்ற பெட்டி வேண்டும். சில ஓஎன்யு-வில் வைஃபை உள்ளேயே இருக்கும். சிலவற்றில் இருக்காது. இருந்தால், நீங்கள் ரவுட்டர் வாங்கவே தேவையில்லாமல் போகலாம்.

மூன்றாவது, கேபிள்காரர் தெருவில் ஒரு பெட்டி வைத்து, அங்கிருந்து வீட்டுக்கு லேன் ஒயர் இழுப்பது. இதற்கு ‘வான்’ என்று எழுதிய துளை உள்ள சாதாரண ரவுட்டர் போதும்.

நான்காவது, சிம் கார்டு போடும் 4ஜி, 5ஜி ரவுட்டர். ஒயர் எதுவும் எட்டாத இடங்களுக்கு இது.

கடையில் எல்லாவற்றையும் ‘வைஃபை ரவுட்டர்’ என்றேதான் விற்பார்கள். போட்டோவில் எல்லாம் ஒரே மாதிரி, கொம்பு முளைத்த கறுப்புப் பெட்டிதான். வித்தியாசம் பின்பக்கத் துளையில் இருக்கிறது. அதனால் பின்பக்கப் படத்தைப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

கேபிள்காரரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. நீங்கள் தரும் பெட்டியில் வைஃபை உண்டா? அது வாடகையா, இலவசமா, லைனை நிறுத்தினால் திருப்பித் தர வேண்டுமா?

2. நான் வாங்க வேண்டியது வெறும் ரவுட்டரா, ஓஎன்யு-வும் சேர்த்தா? ஓஎன்யு என்றால் ஜிபானா, இபானா? இரண்டும் வேறு. மாற்றி வாங்கினால் லைன் எடுக்காது. ‘எக்ஸ்பான்’ என்று இருந்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும். ஆனாலும், அந்தப் பெட்டியின் எண்ணை அவர்கள் பக்கம் பதிவு செய்தால்தான் வேலை செய்யும். எனவே, ஓஎன்யு-வை அவரிடமே வாங்கிவிடுவது நல்லது.

3. லைனுக்கு யூசர் நேம், பாஸ்வேர்டு உண்டா? இருந்தால் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புது ரவுட்டர் போடும்போது அது இல்லாமல் நெட் வராது.

4. என் பிளான் எத்தனை எம்பிபிஎஸ்? பெட்டியைத் தேர்ந்தெடுக்க இந்த எண்தான் அளவுகோல்.

பெட்டி மேல் உள்ள எண்கள்

‘300 எம்பிபிஎஸ்’, ‘ஏசி1200’, ‘ஏஎக்ஸ்1500’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். 1200 என்றால் வீட்டுக்கு 1,200 எம்பிபிஎஸ் வேகம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அது பெட்டிக்கும் போனுக்கும் இடையே, ஏட்டளவில் சாத்தியமான உச்ச வேகம். அதுவும் இரண்டு அலைவரிசைகளைக் கூட்டிச் சொல்வது. ஏசி1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டி 1200 என்று போடுகிறார்கள். உங்கள் பிளான் 50 எம்பிபிஎஸ் என்றால் வருவது 50-தான். 5 ஹெச்பி மோட்டார் வைத்தாலும் போரில் ஊறுகிற தண்ணீர்தானே வரும்!

வீட்டில் ஒரு ஆன்லைன் வகுப்புக்கு 3 முதல் 4 எம்பிபிஎஸ் போதும். ஒருவர் வகுப்பு, ஒருவர் படம், ஒருவர் வீடியோ கால் என்று ஒரே நேரத்தில் பார்த்தாலும் 30, 40 எம்பிபிஎஸ் பிளானே தாங்கும்.

300 எம்பிபிஎஸ் ‘சிங்கிள் பேண்டு’ பெட்டி சுமார் ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். இரண்டு மூன்று போன் மட்டும் உள்ள சின்ன வீட்டுக்கு இது போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் இதில் வரும். அது சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு.

ஏசி1200 ‘டூயல் பேண்டு’ பெட்டிகள் சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய் வரை. 5 கிகாஹெர்ட்ஸும் இருப்பதால் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு வேகம் கிடைக்கும். கிராமத்துக் குடும்பம் ஒன்றுக்கு இதுவே தாராளம்.

ஏஎக்ஸ் என்று ஆரம்பித்தால் ‘வைஃபை 6’. நிறைய கருவிகள் ஒரே நேரத்தில் ஓடும் வீட்டுக்கு நல்லது. உங்கள் போனும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் முழுப் பலன். தள்ளுபடியில் ஏசி பெட்டிக்கும் இதற்கும் 300, 400 ரூபாய்தான் வித்தியாசம் என்றால் இதை எடுக்கலாம். ஆயிரக்கணக்கில் கூடுதல் என்றால் வேண்டாம்.

பிளான் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் என்றால் மட்டும், பின்பக்கத் துளைகள் ‘கிகாபிட்’ வகையா என்று பாருங்கள். சாதாரணத் துளையில் 100-க்கு மேல் ஓடாது. ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். நாலு கொம்பு இருக்கிற மாடெல்லாம் கூடுதலாகப் பால் கறந்துவிடுமா என்ன!

சுவரும் தகரமும்

நம் வாசகியின் வீட்டில் முன்பக்கம் மெத்தை வீடு, பின்பக்கம் கல் வைத்துக் கட்டிய பழைய தடிச் சுவர், அதைத் தாண்டி தகரக் கூரை போட்ட மாட்டுக்கொட்டகை. முன்வாசலில் வைத்த பெட்டியின் சிக்னல் பின்கட்டுக்குப் போவதற்குள் சோர்ந்துவிடும்.

தகரம், இரும்பு பீரோ, பிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி ஆகியவை வைஃபைக்குத் தடை. தடிமனான கல் சுவர், மண் சுவரும் அப்படித்தான். எனவே பெட்டியை வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். டிவி பின்னாலும் பீரோ மேலும் வேண்டாம். புதுப் பெட்டி வாங்கும் முன், இருக்கிற பெட்டியை இடம் மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் ஐந்து மீட்டர் ஒயரிலேயே பிரச்னை தீர்ந்துவிடும்.

வீட்டுக்குள் வைஃபை அலை சுவர்களில் பட்டுப் பட்டு, எதிரொலி போலக் குழம்பி வரும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் வழியை 1990-களில் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர்கள், ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் ஜான் ஓ’சல்லிவன் தலைமையில் இருந்த குழுவினர். அவர் வானியல் விஞ்ஞானி. கருந்துளைகள் வெடிக்கும்போது வரும் ரேடியோ அலையைத் தேடியபோது பழகிய கணக்கு, இதற்குக் கைகொடுத்தது. ஆலங்காயத்துக்கு மேலே காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தைத் தினமும் பார்க்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். வானத்தைப் பார்க்கும் படிப்பு வீட்டுக்குள்ளும் உதவும்.

தள்ளுபடி ஏன் கொடுக்கிறார்கள்?

அட்டைப் பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பி-யிலிருந்து 60, 70 சதவிகிதம் குறைவு என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எம்ஆர்பி என்பது இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச விலை. பல பெட்டிகள் ஒருநாளும் அந்த விலைக்கு விற்றிருக்காது. அதே மாடலை வேறு இரண்டு இடங்களில் என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அதுதான் உண்மை விலை.

விலை நிஜமாகவே குறைவு என்றால், காரணம் தேடுங்கள். பண்டிகைக் கால விற்பனை, மாடல் மாறுவது போன்றவை நல்ல காரணங்கள். தைரியமாக வாங்கலாம். தயாரித்து நான்கைந்து வருடம் ஆன சரக்கு, கம்பெனி கைவிட்ட மாடல், வாரன்டி இல்லாதது, பழுது பார்த்து விற்பது என்றால் யோசிக்க வேண்டும். தயாரித்த மாதம், வருடம் அட்டைப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

கம்பெனி கைவிட்ட மாடலில் என்ன ஆபத்து? ரவுட்டருக்குள் ஒரு மென்பொருள் ஓடுகிறது. அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், கம்பெனி அப்டேட் அனுப்பி அடைக்கும். கைவிட்ட மாடலுக்கு அப்டேட் வராது. 2018-ல் ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற தீய மென்பொருள் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்கள், சேமிப்புக் கருவிகளுக்குள் புகுந்திருந்தது தெரியவந்தது. அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் இருந்த சாதாரணப் பெட்டிகள். பால் பணம், ஷூ கம்பெனிச் சம்பளம், பயிர்க்கடன் எல்லாம் போன் வழியாகவே நடக்கிற காலத்தில், வீட்டு வாசலைத் திறந்து போட முடியாது. வாங்கும் முன் அந்த மாடலின் பெயரைப் போட்டு, கம்பெனி இணையதளத்தில் கடைசி அப்டேட் எந்த வருடம் வந்தது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘டபிள்யுபிஏ2’ அல்லது ‘டபிள்யுபிஏ3’ பாதுகாப்பு இருக்க வேண்டும்.

கரன்டும் இடியும்

ரவுட்டர் குடிப்பது சுமார் 10 வாட்டுதான். கரன்ட் அடிக்கடி போகும் ஊர்களில், 12 வோல்ட் ‘மினி யுபிஎஸ்’ ஒன்று வாங்கி வைத்தால் சில மணி நேரம் ஓடும். ஓஎன்யு தனியாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்கும் வகையாகப் பாருங்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் கட்டாயம் ஒத்துப்போக வேண்டும். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் போய்விடும்.

இடி இடிக்கும்போது அடாப்டரைப் பிடுங்கி வையுங்கள். கண்ணாடி இழை வழியாக மின்சாரம் வராது. ஆனால் கரன்ட் லைன் வழியாகவும், வீட்டுக்கு வெளியே இழுத்த லேன் ஒயர் வழியாகவும் வரும்.

வாங்கிய அன்றே...

பார்சல் வந்த அன்றே பிரியுங்கள். பிரிப்பதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே மாட்டி ஓட்டிப் பாருங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், அது இல்லாமல் வாரன்டி கிடைப்பது கஷ்டம். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு ஒன்று, பெட்டியின் அமைப்புக்குள் நுழையும் பாஸ்வேர்டு ஒன்று. இரண்டையும் மாற்ற வேண்டும்.

பழுதான பொருளை, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று ஆன்லைன் விற்பனையாளர் சொல்லக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020 அப்படித்தான் சொல்கின்றன. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். ஆனால், நாம் தவறான வகையைத் தேர்ந்தெடுத்து வாங்கியிருந்தால் இந்த விதி உதவாது. அதனால்தான் லைனை முதலில் பார்க்கச் சொல்கிறோம்.

வீண் பெட்டிக்கும் வேலை கிடைத்தது

நம் வாசகியின் கேள்விக்கு வருவோம். கேபிள்காரரிடம் கேட்டதில், அவர் கொடுத்த ஓஎன்யு-வில் வைஃபை இல்லை என்பது உறுதியானது. எனவே, ‘வான்’ துளை உள்ள ஏசி1200 பெட்டி ஒன்றை, வாணியம்பாடி கடையில் பில்லோடு வாங்கினார்கள். ஆன்லைன் விலையைவிட 150 ரூபாய் அதிகம். “பரவாயில்ல சார், சரிப்படலன்னா நேர்ல போய்க் கேக்கலாம்” என்றார் அந்த அம்மா. நடுக்கட்டில் அதை மாட்டியதும் முன்பக்கம் முழுக்க நெட் வந்துவிட்டது.

899 ரூபாய்ப் பெட்டியை மகளே சரிசெய்தார். ஏடிஎஸ்எல் பெட்டியிலும் லேன் துளைகள் இருக்கும். அதன் அமைப்புக்குள் போய், டிஹெச்சிபி என்பதை நிறுத்தி, அதன் முகவரி எண்ணைப் புது ரவுட்டரின் எண்ணோடு மோதாதபடி மாற்றினார். பிறகு புது ரவுட்டரின் லேன் துளையிலிருந்து இதன் லேன் துளைக்கு ஒரு ஒயர். டெலிபோன் துளையைத் தொடவே இல்லை. இப்போது அது பின்கட்டில் இன்னொரு வைஃபை பெட்டியாக ஓடுகிறது. நாம் போயிருந்தபோது, அங்கே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கலந்தாய்வு அறிவிப்பு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் மகள்.

வாசகர் கேள்விகள்

*புதூர்நாடு பக்கம் மலை கிராமம். ஒயர் வரவில்லை. சிம் ரவுட்டர் வாங்கலாமா?*

வாங்கும் முன், எந்த கம்பெனி சிம் போடப் போகிறீர்களோ அதே சிம்மைப் போனில் போட்டு, ரவுட்டர் வைக்கப்போகும் இடத்தில் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள். போனுக்கே சிக்னல் இல்லாத இடத்தில் சாதாரண சிம் ரவுட்டரை நம்ப முடியாது. வெளி ஆன்டெனா மாட்டும் வசதி உள்ளது சற்று உதவும். தள்ளுபடியில் வருபவற்றில் சில, ஒரே கம்பெனி சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். எல்லா சிம்மும் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

*தெரிந்தவர் பழைய ரவுட்டரை 300 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?*

லைனுக்குப் பொருந்தி, அப்டேட் இன்னும் வரும் மாடல் என்றால் வாங்கலாம். வாங்கியதும் ‘ரீசெட்’ பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பழைய அமைப்பை அழித்துவிடுங்கள். அடாப்டர் அதனுடையதுதானா என்று பாருங்கள். கேபிள் நிறுவனம் வாடகைக்குக் கொடுத்த பெட்டியாக இருந்தால் வேண்டாம். அது அவருடைய பொருளே இல்லை.

*வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி மாட்டுக்கொட்டகை. கேமரா வைக்க ரிப்பீட்டர் போதுமா?*

ரிப்பீட்டர் தன்னிடம் வந்து சேரும் சிக்னலைத்தான் திருப்பி அனுப்பும், அதிலும் வேகம் பாதியாகலாம். லேன் ஒயரை 100 மீட்டர் வரை இழுக்கலாம். வெயில் மழை தாங்கும் ஒயரைக் குழாய்க்குள் விட்டு மண்ணில் பதித்து, கொட்டகையில் ஒரு சின்ன ரவுட்டர் வைத்துக்கொள்ளுங்கள். எலி கடிக்காமல் இருக்கவும் குழாய்தான் நல்லது.